அண்டவெளியில் வாயுவின் கணக்கு

துவாஸ் துறைமுகத்தை இரவில் கடலிலிருந்து பார்க்கிறவனுக்குப் பாரந்தூக்கிகளின் விளக்குகள் மட்டுமே தெரிந்து, அவற்றைத் தாங்கும் நிலமும் சூழ்ந்திருக்கும் நீரும் தெரியாமற் போவதுபோல, வானத்தை நோக்குகிற நமக்கும் நட்சத்திரங்களே கண்ணிற் படுகின்றன. ஆனால், நம் உடலும் கல்லும் கடலும் எந்த அணுக்களால் ஆனவையோ அந்தச் சாதாரணப் பொருளில் பத்தில் ஒரு பங்குகூட நட்சத்திரங்களில் இல்லை என்பதும், எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி நட்சத்திர மண்டலங்களைச் சூழ்ந்தும் அவற்றுக்கு இடையிலும் அதி சூக்ஷ்மமான வாயுவாகப் பரவிக் கிடக்கிறது என்பதும் ஆராய்ச்சியாளர் கண்டறிந்த உண்மை.

காணாத அந்த வாயுவுக்கு ஒளியே சாட்சி. குவேசார் என்னும் தொலைதூரப் பேரொளிப் பிண்டத்திலிருந்து புறப்பட்ட கிரணம், வழியிலுள்ள ஹைட்ரஜன் திரள் ஒவ்வொன்றையும் கடக்குந்தோறும் தன் நிறமாலையில் ஒரு கருங்கோட்டைப் பெறுகிறது. 2009-ல் ஹப்பிள் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட புற ஊதாக் கருவி, நமக்கு அண்மையிலுள்ள வாயு இட்ட கோடுகளைத் துல்லியமாகப் பதிவு செய்தது. ஆயினும், ஒரு கிரணம் தான் வந்த வழியை மட்டுமே காட்டும். வாயுவின் முழு விஸ்தாரத்தை அறியக் கணினியில் ஒரு சிறு பிரபஞ்சத்தையே சிருஷ்டிக்க வேண்டியிருக்கிறது.

ஆதியில் பொருள் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்த நிலையை ஒரு கனசதுரத்துக்குள் அமைத்து, ஈர்ப்பும் அழுத்தமும் சூடேறுதலும் குளிர்தலும் அதன்மேல் செயற்படும் விதத்தை 1,380 கோடி ஆண்டுகளுக்குப் படிப்படியாகக் கணித்துச் செல்வதே முறை. பெருங்கணிப்புகளில் வாயுவின் சிறு கூறே சுமார் பத்து லட்சம் சூரியன்களின் எடையுள்ளதாக அமைவதால், வெடித்துச் சிதறும் தனி நட்சத்திரத்துக்கு அங்கே இடமில்லை. அவ்வெடிப்புகளும் கருந்துளைகளும் வாயுவை வெளியே தள்ளும் வேகத்தை விதியாக எழுதிச் சேர்க்க வேண்டும். 2014-ல் வெளிவந்த 'இல்லஸ்ட்ரிஸ்' கணிப்பில் கருந்துளைகளின் உக்கிரம் மிகுந்துபோய், மண்டலக் கூட்டங்களிலிருந்து வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிட்டமையால், அடுத்த பதிப்பில் அவ்விதியை மாற்றினார்கள்.

அதே 2014-ல் வேறொரு சங்கடமும் எழுந்தது. ஹைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவை புற ஊதா ஒளியால் உடைந்துபோயிருக்க, உடையாமல் எஞ்சிய சொற்பமே கோடிடுகிறது; கணிப்பில் கிடைத்த கோடுகள் ஹப்பிள் கண்டவற்றோடு பொருந்த வேண்டுமானால், அதுவரை மதிப்பிட்டிருந்ததைப்போல் ஐந்து மடங்கு புற ஊதா ஒளி வேண்டும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். ஜயந்த் நார்லிகர் 1988-ல் நிறுவிய புனே 'அயூகா' மையத்தில், விக்ரம் கைரேயும் ரகுநாதன் ஸ்ரீஆனந்தும் குவேசார்களின் ஒளியைப் புதிய அளவீடுகளைக் கொண்டு மறுபடி கூட்டிப் பார்த்து, உண்மை அளவு பழைய மதிப்பைப்போல் இரு மடங்கு என்று 2015-ல் கூறினர். பின்னர் 2017-ல் பிரகாஷ் கெய்க்வாட் முதலியோர் அவர்களோடு சேர்ந்து, கணினிப் பிரபஞ்சத்தின் ஊடே கற்பனைக் கிரணங்களைச் செலுத்தி, ஹப்பிள் கருவியின் குறைகளையும் அவற்றில் வேண்டுமென்றே கலந்து, அசலையும் நகலையும் ஒரே நிரலால் அளந்தபோது, அந்த ஒளியே போதும் என்று தெரிந்தது. கருவியின் குறையை நகலிலும் ஏற்றிய பிறகே ஒப்பிட முற்பட்ட அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பல லட்சம் டிகிரி வெப்பமுள்ள வாயுவிலோ உடையாத ஹைட்ரஜன் மிக அரிதாகையால், அது இவ்விதம் பிடிபடுவதில்லை. கணப்பொழுதில் மின்னி மறையும் ரேடியோ வெடிப்புகளின் நீண்ட அலைகள், வழியிலுள்ள எலெக்ட்ரான்களால் சற்றே தாமதித்து வந்து சேர்வதை ஆஸ்திரேலியத் தொலைநோக்கி ஒன்றால் அளந்து, சாதாரணப் பொருளின் மொத்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது என்று 2020-ல் கண்டனர். அதில் எத்தனை பங்கு மண்டலங்களை ஒட்டியே தங்கியிருக்கிறது, எத்தனை பங்கு தொலைவுக்கு வீசப்பட்டது என்பதில்தான் இன்றைய கணிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.