வெந்நீர் வரவில்லையா? கீசரை மாற்றுமுன் சற்றே பாருங்கள்!

மார்கழிக் குளிரில் பெங்களூர்வாசிக்கு நேரும் பெரிய சோதனை எது? விடியற்காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் பச்சைத் தண்ணீர் கொட்டுவதுதான்! உடனே ஆளை அழைக்கிறோம். வருபவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டாங்கே போச்சு சார், புதுசா மாத்திடுங்க" என்கிறார். நாமும் பல ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டுகிறோம். ஆனால் பல சமயம் கெட்டுப்போனது சில நூறு ரூபாய் பெறும் ஒரு சிறிய உறுப்பாகத்தான் இருக்கும். எது கெட்டது என்று அறிந்துகொண்டால் பணம் மிஞ்சும். அதைவிட முக்கியம், உயிருக்கு ஆபத்து வராது.

கீசருக்குள் இருப்பவை அதிகமில்லை. தண்ணீரைச் சுடவைக்கும் காயில், சூட்டை அளந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட், அது தவறினால் காப்பாற்றும் கட்‑அவுட், டாங்கியைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியக் கம்பி, அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியேற்றும் வால்வு ஆகிய ஐந்தும்தான்.

தண்ணீர் செய்யும் வேலை

காயில் ஏன் கெடுகிறது? அடுகோடி போன்ற பழைய பகுதிகளில் பல வீடுகளில் காவிரி நீரும் போர்வெல் நீரும் ஒரே சம்ப்பில்தான் கலக்கின்றன. பெங்களூருக்குக் காவிரி நீர் முதன்முதலாக வந்தது 1974இல். அது ஓரளவு மென்மையான நீர். ஆழத்திலிருந்து வரும் போர்வெல் நீரிலோ கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. சுடவைக்கும்போது இவை சுண்ணாம்புப் படிவாக மாறிக் காயிலின் மேல் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவுதான்.

படிவு தடித்தால் காயிலின் சூடு எளிதில் நீருக்குப் போகாமல் உள்ளேயே அடைபடும். காயிலின் உலோக உறை அளவுக்கு மீறிச் சூடாகி ஒருநாள் விரிசல் விடும். விரிசல் வழியே நீர் உள்ளே புகுந்தால் மின்சாரம் நீரில் கசியும். குழாயைத் தொட்டதும் சுரீர் என்பது இதனால்தான். அந்தக் கணமே மெயினை அணைத்துவிட வேண்டும். "இலேசாகத்தானே இருக்கிறது" என்று ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வரிசையாகப் பார்ப்போம்

முதலில், கீசருக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்திருக்கலாம், பிளக் முனை கருகியிருக்கலாம். 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். பிளக் தளர்வாக இருந்தால் அந்த இடமே எரிந்துவிடும்.

இரண்டாவது, மின்சாரம் வந்தும் நீர் சுடவே இல்லை என்றால் கட்‑அவுட்டைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் மூடியைக் கழற்ற வேண்டியிருப்பதால் எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொள்வதே நல்லது. யார் கழற்றினாலும் மெயினை அணைத்த பிறகே கழற்ற வேண்டும். பல கீசர்களில் கட்‑அவுட்டுக்கு ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சரியாகிவிடலாம். மறுபடி மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் பழுது, அல்லது காயிலில் படிவு மிகுதி என்று பொருள்.

மூன்றாவது, காயில். 230 வோல்ட்டில் 2,000 வாட் காயிலின் மின்தடை சுமார் 26 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் முள் அசையவே இல்லையென்றால் காயில் உள்ளே அறுந்துவிட்டது. காயிலின் முனைக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே மின்தொடர்பு தெரிந்தால் கசிவு உண்டு. இரண்டில் எது நேர்ந்தாலும் காயிலைத்தான் மாற்ற வேண்டும், டாங்கியை அல்ல.

நான்காவது, நீர் வெதுவெதுப்பாகவே நின்றுவிடுகிறதா? ஒரு கணக்குச் சொல்கிறேன். 20 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் நீரை 55 டிகிரிக்குக் கொண்டுபோக 2,000 வாட் கீசருக்கு சுமார் 18 நிமிடம் போதும். செலவு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. விளக்கு அதற்கு வெகுமுன்பே அணைந்தும் நீர் சுடவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். விளக்கு நெடுநேரம் எரிந்தும் சுடவில்லை என்றால் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 190 வோல்ட்டுக்கு இறங்கினால் காயிலின் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

டாங்கியின் உடலே துருப்பிடித்து ஒழுகினால் பற்றவைத்து ஒட்டுப்போடுவது வீண். புதிதுதான் வாங்க வேண்டும். ஆனால் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவது வேறு. சூடான நீர் விரிவதால் அது தன் வேலையைச் செய்கிறது. ஒழுகுகிறதே என்று அதன் வாயை அடைப்பது டாங்கியை வெடிகுண்டாக்குவதற்குச் சமம்.

புதிது வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 2082 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடி வீடானால் அழுத்தம் தாங்கும் அளவையும் கேளுங்கள். மேல்தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் ஒரு பார் அழுத்தம் கூடும். 15 லிட்டர் கீசர் நீர் நிறைந்தால் நீரின் எடையே 15 கிலோ. ஆகவே சுவரில் போல்ட் உறுதியாக இறங்க வேண்டும்.

பொருத்திய பின் வெந்நீர்க் குழாயைத் திறந்து, நீர் தடையின்றிக் கொட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வெறும் டாங்கியில் சுவிட்ச் போட்டால் புதுக் காயில் அன்றே எரிந்துபோகும்.

எர்த் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது! கீசரை மாற்றும் நாளிலேயே எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. வகைச் சாதனம் ஒன்றையும் வைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் நமக்கு இது வீண்செலவு ஆகாது.

ஆண்டுக்கு ஒரு நாள்

1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. ஆனாலும் அடுகோடித் தொழிற்சாலை பழையவர்கள் வாயில் மைக்கோதான். அங்கே வேலை பார்த்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும், இயந்திரம் நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது, முன்னதாகவே துடைத்து எண்ணெயிட வேண்டும் என்பார். வீட்டில் இருக்கும் கீசரும் இயந்திரம்தானே?

இதற்கு நாள் தேட வேண்டியதில்லை. நரக சதுர்த்தசிக்கு முந்தைய மாலை, நம் கன்னட அண்டை வீட்டார் 'நீரு தும்புவ ஹப்ப' கொண்டாடுகிறார்கள். வெந்நீர் ஹண்டேயைத் துலக்கி, புதுநீர் நிரப்பி, பூச்சூட்டி, மறுநாள் எண்ணெய்க் குளியலுக்கு ஆயத்தம் செய்கிறார்கள். ஹண்டே போய்க் கீசர் வந்துவிட்டதால் துலக்கும் வேலை போய்விடவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஆண்டுதோறும் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, டாங்கியை வடித்து, காயிலின் படிவை வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து நீக்கச் சொல்லுங்கள். மக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். எர்த்தையும் அன்றே பார்த்துவிடலாம். ஒரு மணி நேர வேலை. மார்கழி முழுவதும் கவலையின்றிக் குளிக்கலாம்!