சாக்கோப் போர்

தென் அமெரிக்காவின் நடுவே கிடக்கும் சாக்கோ, முட்புதரும் வறட்சியும் நிறைந்த பெருவெளி. 1879இல் தொடங்கிய போரிலே தன் கடற்கரையைச் சிலியிடம் பறிகொடுத்த பொலிவியா, பரகுவே ஆற்றின் வழியாகவேனும் கடலை எட்ட விழைந்தது. நிலத்தடியில் எண்ணெய் உண்டென்ற ஆசையும் உடன் சேர்ந்தது. 1932இல் பரகுவே நாட்டுடன் போர் மூண்டது.

ஆட்பலமும் ஆயுதபலமும் பொலிவியாவுக்கே மிகுதி. ஆயினும், குளிர்ந்த மலைநாட்டிலிருந்து இறக்கப்பட்ட அதன் வீரர், பெரும்பாலும் ஏழைக் குடியானவர், அவ்வெப்பத்திலே நீரின்றித் தவித்தனர். தண்ணீர் உள்ள இடமே கோட்டையாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் எஸ்டிகாரிபியாவின் பரகுவேப் படை பொக்கெரோனை வளைத்தது. நீரும் உணவும் அற்ற காவற்படை மூன்று வாரங்களிற் பணிந்தது. குண்டுக்குத் தப்பியோரைத் தாகமும் நோயும் தப்பவிடவில்லை.

1935 ஜூனில் போர் ஓய்ந்தது. 1938ஆம் ஆண்டு உடன்படிக்கை சாக்கோவின் பெரும்பகுதியைப் பரகுவேக்கு அளித்தது. எண்ணெய் ஊறிய மலையடிவாரமோ பொலிவியாவிடமே எஞ்சிற்று.