ஆற்றின் நாடி

ஓர் ஆறு நலமாயிருக்கிறதா என்று அறிவதெப்படி? ஒரு குப்பி நீரைச் சோதித்தால் போதாதோ என்பீர்கள். அச்சோதனை, குப்பி நிரம்பிய வேளையின் நிலையையே சொல்லும். நள்ளிரவில் கழிவு பாய்ந்து விடியுமுன் ஓடிவிட்டால் அதற்குத் தெரியாது. ஆற்றடியில் வாழும் சிற்றுயிர்களுக்கோ தெரியும். அவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அந்நீரிலேயே கிடப்பவை அல்லவா?

மே-ஈ என்னும் பூச்சி இளம்பருவத்தை நீரில் கழிப்பது. அதன் பெரும்பாலான வகைகளுக்குப் பிராணவாயு மிகுந்த நீர் வேண்டும். சாக்கடை கலந்தால், கழிவை உண்ணும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவைச் செலவழித்துவிடும், மே-ஈ மறையும். கைரோனோமஸ் என்னும் பூச்சியின் சிவந்த புழு பெருகும். அதன் உடலிலுள்ள ஹீமோகுளோபின், அருகிய பிராணவாயுவையும் பற்றிக்கொள்ளும். இத்தகைய உயிர்களைச் ‘சுட்டுயிரிகள்’ எனலாம். 1908, 1909-ஆம் ஆண்டுகளிலேயே ஜெர்மானிய அறிஞர்களான கோல்க்விட்ஸும் மார்சனும் இவற்றை வகைப்படுத்தினர்.

ஆனால் சிவப்புப் புழு ஒன்றைக் கண்டதுமே ஆறு கெட்டதென்று தீர்ப்புக் கூறலாகாது. தூய ஆற்றின் சேற்றிலும் அது இருக்கக்கூடும். இருக்கவேண்டியவற்றுள் எவை இல்லை, எத்தனை வகைகள் எஞ்சியுள்ளன என்பதே கேள்வி.

நாம் வாழும் தில்லியில், வசீராபாத் முதல் ஓக்லா வரை யமுனை ஓடும் தொலைவு சுமார் 22 கிலோமீட்டர். ஆற்றின் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆயினும் அதன் மாசில் பெரும்பகுதி இங்கேதான் சேர்கிறது. நகரின் குடிநீரில் ஒரு பகுதியை வசீராபாத் அணையருகே எடுக்கிறார்கள். ஆதலின், நண்பர்களே, அணைக்கு மேலுள்ள சிற்றுயிர்களை ஆண்டுதோறும் எண்ணிவருவது, நம் குடத்து நீரைக் காப்பதேயாகும்.