"நான் லோக்கோ இல்லை!" - மனநல உதவி நாட அமெரிக்க லத்தீனோக்கள் தயங்குவது ஏன்?

'லோக்கோ'...

ஸ்பானியப் பாடல்களில் இந்தச் சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்டிருக்கலாம். 'பைத்தியம்' என்று பொருள். நண்பர்கள் சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிடுவார்கள்.

ஆனால் மருத்துவர், "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கலாம். மனநல ஆலோசகரைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்கும்போது அதே சொல் பயமுறுத்துகிறது. "ஐயோ, நான் ஒன்றும் லோக்கோ இல்லையே!" என்பதுதான் லத்தீனோ நோயாளிகள் பலருக்கு முதலில் தோன்றும் பதில்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அதை மாற்ற முடியுமா?

லத்தீனோக்கள் யார்?

மெக்சிகோ, பியூர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சல்வடோர், கொலம்பியா... இப்படி லத்தீன் அமெரிக்காவில் வேர்கொண்ட மக்களை அமெரிக்காவில் லத்தீனோ என்று அழைக்கிறார்கள். அவர்களில் ஆகப் பெரிய பிரிவினர் மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்களின் எண்ணிக்கை சுமார் 62 மில்லியன். அமெரிக்காவில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்.

எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. நேற்று வந்தவர்களும் உண்டு. டெக்சஸ் போன்ற இடங்களில் அமெரிக்கக் கொடி பறப்பதற்கு முன்பிருந்தே வாழும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இங்கே சொல்லப்படுபவை பலரிடம் காணப்படும் போக்குகள்தான். எல்லாருக்கும் அவை பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்.

எத்தனை பேர் சிகிச்சை பெறுகிறார்கள்?

அமெரிக்க அரசாங்கம் ஆண்டுதோறும் நடத்தும் தேசிய ஆய்வு ஒன்று 2021இல் இதைக் காட்டியது. மனநலப் பிரச்சினை உள்ள பெரியவர்களில் அந்த ஆண்டு ஏதாவது ஒரு மனநலச் சேவையைப் பெற்றவர்கள்:

- வெள்ளையர்: சுமார் 52 விழுக்காடு
- லத்தீனோக்கள்: சுமார் 36 விழுக்காடு

அதாவது, உதவி தேவைப்படும் மூன்று லத்தீனோக்களில் கிட்டத்தட்ட இருவர் எந்தச் சேவையையும் பெறவில்லை. மனச்சோர்வும் பதற்றமும் சிகிச்சையால் குணப்படுத்தக்கூடியவை என்பதால்தான் இந்த இடைவெளி வேதனை தருகிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வேலை, படிப்பு, உறவு எல்லாம் அடிவாங்குகின்றன. சில வேளைகளில் உயிரே ஆபத்தில் சிக்குகிறது.

தயக்கம் எங்கிருந்து வருகிறது?

ஸ்பானிய மொழியில் ஒரு வழக்கு உண்டு. அழுக்குத் துணியை வீட்டுக்குள்ளேயே துவைக்க வேண்டும் என்பார்கள். வீட்டுப் பிரச்சினை வாசலைத் தாண்டக்கூடாது என்று அர்த்தம். 'அட, இது எங்க வீட்டுலயும் சொல்றதுதானே!' என்று உங்களுக்குத் தோன்றினால் வியப்பில்லை.

ஆய்வாளர்கள் முக்கியமாகச் சில காரணங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, குடும்பம். குடும்பத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் மனப்பான்மையை 'ஃபமிலிஸ்மோ' என்கிறார்கள். கஷ்டம் வந்தால் தோள் கொடுப்பது குடும்பம்தான். ஆனால், "எனக்கு மனநோய்னு தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் என்ன ஆகும்? அம்மாவைப் பத்தி ஊர் என்ன பேசும்?" என்ற கவலையும் அங்கிருந்துதான் வருகிறது. அவமானம் ஒருவரோடு நிற்பதில்லை, வீட்டில் உள்ள எல்லாரையும் தொடும் என்ற பயம்.

இரண்டாவது, பொறுத்துக்கொள்வது. 'அகுவாந்தார்' என்றால் தாங்கிக்கொள், சகித்துக்கொள். எல்லைகளைக் கடந்து, இரண்டு மூன்று வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த தலைமுறைக்கு அது பெருமை. அப்படிப்பட்ட பெற்றோரிடம் போய், "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல மகளுக்கோ மகனுக்கோ கூச்சம். "நாங்க படாத கஷ்டமா நீ பட்டுட்டே?" என்று கேட்டுவிட்டால்?

மூன்றாவது, ஆண் என்றால் அழக்கூடாது என்ற எதிர்பார்ப்பு. 'மச்சிஸ்மோ' என்று அதற்குப் பெயர். பெண்களுக்கு வேறு சுமை: தன்னை மறந்து எல்லாரையும் கவனிக்க வேண்டும்.

நான்காவது, மருந்து பற்றிய அச்சம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்ட லத்தீனோக்களிடம் ஆய்வாளர்கள் பேசியபோது மூன்று எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. மாத்திரை போட்டால் பலவீனமானவர் என்று நினைப்பார்கள், நோய் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள், போதைப்பொருள் போல அது பழக்கமாகிவிடும்.

'நரம்பு' பேசும் மொழி

மனத்தைப் பற்றிப் பேச அவர்களிடம் சொற்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சொற்கள் இருக்கின்றன. அவை வேறு மாதிரியானவை.

'நெர்வியோஸ்' என்றால் நரம்புகள். கவலை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் சொல்லிவிடுவார்கள். 'லோக்கோ' என்ற முத்திரை போல அது குத்துவதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் 'நெர்வியோஸ்' வரலாம்.

குடும்பத்தில் பெரிய அதிர்ச்சி நேரும்போது உடல் நடுங்கி, கட்டுப்பாடின்றி அழுது, நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறுவது போல உணர்வது 'அத்தாக்கே தெ நெர்வியோஸ்'. குறிப்பாகப் பியூர்ட்டோ ரிக்கோ போன்ற கரீபியப் பகுதி மக்களிடம் இது அதிகம் பேசப்படுகிறது. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அதற்கு விளக்கமே இருக்கிறது.

இது தெரியாத மருத்துவர், தலைவலி, வயிற்று வலி என்று வருபவருக்கு வலி நிவாரணி எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார். தெரிந்தவர், "உங்க நெர்வியோஸ் எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவார்.

தயக்கம் மட்டும்தான் காரணமா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பழியை மொத்தமாக மக்கள்மீதே போட்டதாகிவிடும்.

- மொழி: அமெரிக்க உளவியல் சங்கம் நடத்திய கருத்தாய்வில், ஸ்பானிய மொழியில் சேவை வழங்க முடியும் என்று சொன்ன உளவியலாளர்கள் 5.5 விழுக்காட்டினர் மட்டுமே.

- பணம்: 2022இல் 65 வயதுக்குட்பட்ட லத்தீனோக்களில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு மருத்துவக் காப்புறுதி இல்லை. வெள்ளையரில் அது சுமார் 7 விழுக்காடு.

- பயம்: குடியுரிமை ஆவணம் இல்லாதவர் வீட்டில் இருந்தால், எந்த அலுவலகத்திலும் பெயர், முகவரி எழுதிக்கொடுக்கவே கை நடுங்கும்.

மொழிப் பிரச்சினையின் இன்னொரு பக்கமும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் இல்லாத மருந்தகத்தில் பல நேரம் பிள்ளைதான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறது. கணவருடன் நடக்கும் சண்டையை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணத்தை, ஒரு தாய் தன் 12 வயது மகன் வாயால் எப்படிச் சொல்வார்? "தலைவலிதான் டாக்டர்" என்று முடித்துக்கொள்வார்.

இளையர்களின் நிலை

1990களில் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ வட்டாரத்தில் மெக்சிகோ வம்சாவளியினரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களைவிட, அமெரிக்காவிலேயே பிறந்தவர்களிடம் மனநலப் பாதிப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

கஷ்டப்பட்டு வந்தவர்களுக்குத்தானே அதிகமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆய்வாளர்கள் பல விளக்கங்களைத் தருகிறார்கள். குடியேறியவர்களுக்குக் குடும்பக் கட்டமைப்பு பாதுகாப்பு அளிக்கிறது. அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளோ இரண்டு உலகங்களுக்கு இடையே நிற்கிறார்கள், பாகுபாட்டையும் சந்திக்கிறார்கள்.

ஆக, குடும்பம் வாயை அடைக்கவும் செய்கிறது, காப்பாற்றவும் செய்கிறது. தயக்கத்தைக் குறைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். "உங்க பழக்கவழக்கத்தை விட்டுட்டு வாங்க" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். குடும்பத்தையும் சேர்த்து அழைத்தால் வருகிறார்கள்.

எது பலன் தருகிறது?

1. படக்கதை

'ஃபோட்டோநொவேலா' என்பது புகைப்படங்களை வரிசையாக வைத்து, பேச்சுக் குமிழ்களோடு சொல்லப்படும் கதை. தொலைக்காட்சி நாடகம் போல காதல், கண்ணீர், சண்டை எல்லாம் இருக்கும். லத்தீன் அமெரிக்காவில் நீண்ட காலமாகப் பிரபலம்.

மனச்சோர்வால் அவதிப்படும் ஒரு லத்தீனோ பெண்ணின் கதையை அந்த வடிவில் தயாரித்தார்கள். பெரியவர்கள் படிக்கும் பள்ளி ஒன்றில் 157 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் படக்கதையும் மீதிப் பேருக்கு வழக்கமான துண்டுப் பிரசுரமும் கொடுக்கப்பட்டன. முடிவு 2013இல் வெளியானது.

மனச்சோர்வு பற்றிய அறிவு இரு தரப்புக்கும் கூடியது. ஆனால் மருந்து, சிகிச்சை பற்றிய தவறான எண்ணம் படக்கதை படித்தவர்களிடமே அதிகம் குறைந்தது. அதைக் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் படிக்கக் கொடுத்தவர்களும் அவர்களில்தான் அதிகம்.

2. நேரில் ஒரு மனிதர்

மனநோய் பற்றிய தவறான எண்ணத்தை எது குறைக்கிறது என்று 14 நாடுகளில் நடந்த 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அந்தத் தொகுப்பின்படி, பெரியவர்களிடம் தகவல் சொல்வதைவிட, மனநோயிலிருந்து மீண்டு வாழும் ஒருவரைச் சந்திப்பது கூடுதல் பலன் தருகிறது. பதின்ம வயதினரிடம் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது நன்றாக எடுபடுகிறது.

பிரபலங்களும் உதவுகிறார்கள். மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த பாடகி செலினா கோமஸ், தமக்கு இருமுனைக் கோளாறு இருப்பதை 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் நட்சத்திரத்தைவிட, பக்கத்து வீட்டு அக்கா "நானும் சிகிச்சைக்குப் போனேன், இப்போ நல்லா இருக்கேன்" என்று சொல்வது இன்னும் நெருக்கமாக இருக்கும்.

3. 'ப்ரொமோத்தோரா'

சமூகத்துக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்படும் சுகாதாரப் பணியாளர்கள் இவர்கள். பெரும்பாலும் பெண்கள். அதே பேட்டை, அதே மொழி. சமையலறையில் உட்கார்ந்து பேசுவார்கள், தேவைப்பட்டால் மருந்தகத்துக்குக் கூடவே வருவார்கள்.

4. பழகிய இடத்திலேயே சேவை

மனநல மருத்துவமனை வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு. வழக்கமாகப் போகும் மருந்தகத்திலேயே ஆலோசகரும் இருந்தால் அந்த அச்சம் குறைகிறது.

5. தாய்மொழியில் அவசர உதவி

அமெரிக்காவின் 988 நெருக்கடி உதவி எண் 2022 ஜூலையில் தொடங்கியது. அழைத்து 2ஐ அழுத்தினால் ஸ்பானிய மொழியில் பேசலாம். 2023 ஜூலையிலிருந்து ஸ்பானிய மொழியில் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அனுப்ப வேண்டிய ஒரே சொல் 'அயுதா'. அதாவது, உதவி.

வீட்டில் எப்படிப் பேச்சைத் தொடங்கலாம்?

மேலே சொன்ன அனுபவங்களிலிருந்து சில வழிகள்:

- "உங்களுக்கு மனநோய்" என்று முத்திரை குத்தாதீர்கள். "கொஞ்ச நாளா நீங்க சரியா தூங்குறதில்லையே" என்று கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குங்கள்.

- "டாக்டரைப் பாருங்க" என்று சொல்வதோடு நிறுத்தாமல், "நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள்.

- ஆலோசகரிடம் பேசுவது பொதுவாக இரகசியமாகவே இருக்கும், உயிருக்கு ஆபத்து போன்ற சூழலில்தான் விதிவிலக்கு என்பதைப் புரியவையுங்கள்.

- தனக்குத்தானே தீங்கு செய்துகொள்வது பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே உதவி நாடுங்கள்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2021ஆம் ஆண்டின் அந்தத் தேசிய ஆய்வில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. மனநலச் சேவை பெற்ற ஆசிய அமெரிக்கர்கள் சுமார் 25 விழுக்காடுதான், லத்தீனோக்களைவிடக் குறைவு. அந்த 'ஆசியர்' என்ற பிரிவில் இந்தியர்களும் அடக்கம், தமிழர்களும் அடக்கம்.

அவர்கள் வீட்டில் 'லோக்கோ'. நம் வீட்டில் வேறு சொல். அது என்ன சொல் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த முறை வீட்டில் யாராவது அதைச் சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உதவி கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்.

சிங்கப்பூரில் உதவிக்கு:

தேசிய மனநல உதவி எண்: 1771
சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767
மனநலக் கழகம்: 6389 2222