மாவு வாங்குவதா, அரைப்பதா?

சாயங்காலம் தெருமுனைக் கடையில் மாவுப் பொட்டலம் வாங்காத குடும்பம் இன்று நகரத்தில் அரிது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும், கொஞ்சமாவது தற்சார்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கணக்கைத் தொடங்க அந்தப் பொட்டலமே நல்ல இடம்.

இட்லி அரிசி 800 கிராம், உளுந்து 200 கிராம், அரைக் கரண்டி வெந்தயம். ஊறவைத்து அரைத்தால் சுமார் இரண்டரைக் கிலோ மாவு வரும். மாவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே! அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 140 என்று வைத்துக்கொண்டால் பொருள் செலவு 68 ரூபாய். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கடையில் கிலோ 50 ரூபாய் என்றால் இதே மாவுக்கு 125 ரூபாய் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை அரைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் மிச்சம். விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு நோட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊறப்போட நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், அரைக்க வேண்டும், கல்லைக் கழுவ வேண்டும். இருவரும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில் இது யார் தலையில் விழும்? பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில். அவருடைய ஓய்வை எடுத்துச் செலவு செய்துவிட்டுச் சிக்கனம் என்று பெயர் வைத்தால் அது சிக்கனம் ஆகாது. ஆகவே எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது நம் நோக்கம் அல்ல. எந்த வேலையில் நம் உழைப்பு குறைவாகவும் வரவு அதிகமாகவும் இருக்கிறது என்று தேடுவதுதான் நோக்கம்.

அதைத் தேட ஒரு நல்ல அளவுகோல் ஜே.சி. குமரப்பாவிடம் கிடைக்கிறது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்துத் தணிக்கையாளராக இருந்து, பிறகு காந்தியோடு சேர்ந்து கிராமப் பொருளாதாரத்தில் இறங்கியவர். சிறையில் இருந்தபோது எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலில் அவர் இயற்கை வளங்களை இரண்டாகப் பிரித்தார்: எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிறவை, மறுபடி மறுபடி வந்துகொண்டே இருப்பவை. இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். சிலிண்டர், தண்ணீர் லாரி, கடைப் பொட்டலம் எல்லாம் தீரும். தீர்ந்ததும் காசு கேட்கும். வெயில், மழை, கொல்லை முருங்கை எல்லாம் தாமாக வரும். வருவதை எங்கே பிடித்து வைக்கலாம் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

வெயிலைப் பிடிப்பது

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் அரைக் கிலோ என்றால் ஆண்டுக்கு ஆறு கிலோ. ஓடு நீக்கிய கொட்டைப் புளியாக வாங்கி, நாரும் கொட்டையும் எடுத்து, இரண்டு மூன்று நாள் மாடியில் காயவைத்து, கல்லுப்பு தூவி மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி அடைத்துவிட்டால் அடுத்த மாசி வரை கவலை இல்லை. உலோகப் பாத்திரம் வேண்டாம். புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்து அதை அரித்துவிடும்.

கொட்டை எடுத்த புளிக்கும் கொட்டைப் புளிக்கும் உள்ள விலை வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் கூலி. ஆனால் கொட்டையின் எடையைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். முதலில் ஒரு கிலோ வாங்கி, சுத்தம் செய்து, மிஞ்சியதை எடை போடுங்கள். அந்த எடையால் விலையை வகுத்தால் உண்மையான கிலோ விலை தெரியும். கட்டுப்படியாகவில்லை என்றால் கொட்டை எடுத்த புளியையே வாங்கிக் காயவைத்துக்கொள்ளலாம். பருவத்தில் வாங்கிய லாபமாவது மிஞ்சும்.

சித்திரை வெயிலில் வடகம், மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல் போடுவதும் இந்த வகைதான். அடுப்பு எரிக்க வேண்டியதை வெயில் செய்துகொடுக்கிறது. மழைக்காலத்தில் காய்கறி விலை ஏறும்போது ஜாடியில் இருக்கும் வற்றல் ஒரு குழம்புக்கு ஆகும்.

ஒரு எச்சரிக்கை. விலை மலிவு என்று ஒருமுறை பத்துக் கிலோ ரவை வாங்கி வைத்தேன். இரண்டாவது மாதம் டப்பாவைத் திறந்தால் ரவை நூல் கட்டி, உள்ளே புழு நெளிந்தது. பாதியைக் கொட்ட வேண்டியதாயிற்று. வறுத்து வைத்திருந்தால் தப்பித்திருக்கும். மொத்தமாக வாங்குவதில் லாபம் வருவது, கெடாமல் வைக்கத் தெரிந்த பொருளுக்கு மட்டுமே. பருப்பு, மிளகாய், மல்லி எதுவானாலும் நன்றாகக் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே ஆவி நீராகப் படியும். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மழையைப் பிடிப்பது

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. இன்று பல வீடுகளில் குழாய் இருக்கிறது. குழி மண்ணடித்துக் கிடக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் மாடியைக் கூட்டி, குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்து, குழியில் உள்ள கல்லையும் மணலையும் கழுவிப் போட்டால் போதும்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று பார்க்க எளிய சூத்திரம் இது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் அந்த மாடியில் விழுவது 2,800 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கழித்தாலும் 2,200 லிட்டருக்கு மேல் நிலத்துக்கோ தொட்டிக்கோ போகும். தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் மழையின் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். மாடித் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும்.

பிடிப்பதற்கு முன் ஒழுகுவதை நிறுத்துங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டரைத் தின்றுவிடும். நம்பிக்கை இல்லையென்றால் இன்று இரவு குழாயடியில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் வாஷர் ஒன்றுதான்.

மின்சாரமும் அடுப்பும்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016இல் முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்தது. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறும். ஆகவே நாம் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் மேல் படியில் இருப்பது, அதாவது விலை கூடியது.

பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள விசிறி 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் என்றால் 60 நாளில் முன்னது 72 யூனிட், பின்னது 29. விசிறி ஒன்றுக்கு மிச்சம் 43. இதை உங்கள் பில்லின் கடைசிப் படி விலையால் பெருக்குங்கள். புதிய விசிறியின் விலை எத்தனை பில்லில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். நாள் முழுக்க ஓடும் கூடத்து விசிறியை மாற்றுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறையில் பழையதே இருக்கட்டும்.

அடுப்பில் சேமிப்பு இன்னும் எளிது. கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரிதான். தீயைக் கூட்டினால் ஆவி கூடுமே தவிர சோறு சீக்கிரம் வேகாது. கொதி வந்ததும் சிம்மில் வையுங்கள். குக்கருக்குள் அழுத்தத்தால் சூடு 120 டிகிரி வரை ஏறும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் குழைகிறது. கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட மறக்காதீர்கள்.

மாடியில் என்ன வைக்கலாம்?

வீட்டுக்கு வேண்டிய எல்லாக் காயையும் மாடியில் விளைவிக்கலாம் என்று இறங்கினால் தொட்டிக்கும் மண்ணுக்கும் கொடுத்த காசு திரும்பவே நாளாகும். கொஞ்சமாகத் தேவைப்படுவது, அடிக்கடி தேவைப்படுவது, வாங்கி வைத்தால் வாடிப்போவது எதுவோ அதை வையுங்கள். கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய், ஒரு தொட்டி அரைக்கீரை. அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். இடம் இருந்தால் கொல்லையில் ஒரு முருங்கைப் போத்து. காய்கறித் தோலும் சருகும் மக்கி உரமாகும். உருளைக்கிழங்கையும் பெரிய வெங்காயத்தையும் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சம் எங்கே போகிறது?

மாவில் மிச்சமான 57 ரூபாயை எடுத்துத் தனியே வைக்காவிட்டால் அது மிச்சமே இல்லை. சனிக்கிழமைக்குள் வேறு எதற்கோ போயிருக்கும். நம் பாட்டிகளுக்கு இது தெரியும். அஞ்சறைப்பெட்டியின் அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் அவர்கள் சேர்த்த காசுக்குச் சிறுவாடு என்று பெயர். மிச்சமான அன்றே கையோடு எடுத்து வைத்ததால்தான் அது சேர்ந்தது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்: மாவோ, புளியோ, ஒழுகும் குழாயோ. அதில் மிஞ்சியதை ஒரு டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் எண்ணி அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டிவிடுங்கள். அடுத்த வேலையை அடுத்த மாதம் பார்க்கலாம்.