தண்டவாளத்தை விட்டு விலகித் தெரியும் ரயில்

செயற்கைத் துளை ரேடார் எடுக்கும் படத்தில், ஓடும் ரயில் பெரும்பாலும் தண்டவாளத்தின் மேல் இருக்காது. பல நூறு மீட்டர் தள்ளி, வயலிலோ ஆற்றின் நடுவிலோ தெரியும். ரேடார் படத்தைக் கட்டும் விதமே இதற்குக் காரணம்.

ஆன்டெனா நீளமாக இருந்தால்தான் ரேடார் படம் நுணுக்கமாக வரும். விண்ணிலிருந்து சில மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டக் கிலோமீட்டர் கணக்கில் ஆன்டெனா வேண்டும். அது நடக்கிற காரியம் அல்ல. அமெரிக்காவின் குட்இயர் ஏர்கிராஃப்ட் நிறுவனப் பொறியாளர் கார்ல் வைலி 1951-ல் இதற்கு வழி கண்டார். சிறிய ஆன்டெனா பறந்தபடியே துடிப்புகளை அனுப்பும். கடந்த தூரம் முழுவதும் திரும்பி வந்த எதிரொலிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் நீண்ட ஆன்டெனாவின் பலன் கிடைக்கும். பறக்கும் திசையில் ஒரு புள்ளி எங்கே உள்ளது என்பதை எதிரொலியின் அதிர்வெண் மாற்றமான டாப்ளர் விளைவு சொல்லிவிடும்.

தரையில் எதுவும் அசையவில்லை என்பது இந்தக் கணக்கின் அனுமானம். ஓடும் கார் தன் பங்குக்கும் அதிர்வெண்ணை மாற்றுவதால், கணக்கு அதை வேறிடத்தில் வைத்துவிடுகிறது. 2007-ல் ஏவப்பட்ட ஜெர்மனியின் டெர்ராசார்-எக்ஸ் செயற்கைக்கோள் 514 கி.மீ. உயரத்தில், வினாடிக்கு சுமார் 7.6 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 600 கி.மீ. தொலைவில் உள்ள கார் ஒன்று அதை நோக்கி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நெருங்கினால், படத்தில் ஏறக்குறைய 800 மீட்டர் விலகிவிடும். பறக்கும் திசையிலேயே ஓடும் வண்டி இடம் மாறாது. கலங்கலாக இழுபட்டுத் தெரியும்.

இந்தப் பிழையே வேகமானியாகவும் உதவுகிறது. கடலில் கப்பல் விலகித் தெரியும், அது விட்டுச்சென்ற அலைத்தடம் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் கப்பலின் வேகம் வந்துவிடும்.

கார் விஷயம் அவ்வளவு சுலபமல்ல. அதன் மெல்லிய எதிரொலி வயலின் எதிரொலியில் மூழ்கிவிடும். அதனால் அசையாத தரையைப் படத்திலிருந்து நீக்க வேண்டும். டெர்ராசார்-எக்ஸின் 4.8 மீட்டர் ஆன்டெனாவை முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பிரித்துக் கேட்க முடியும். முன்பாதி பார்த்ததை அதே கோணத்தில் பின்பாதி ஒரு மில்லிவினாடிக்குள் மறுபடி பார்க்கிறது. இரண்டு படங்களிலும் தரை ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மறைந்துவிடும். காரோ அதற்குள் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். ரேடாரின் அலைநீளம் 3.1 செ.மீ.தான் என்பதால், அந்தச் சிறு நகர்வே அலையின் கட்டத்தில் அளக்கக்கூடிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. அதிலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து காரின் உண்மையான இடத்தையும் கணக்கிடலாம். சாலை வரைபடம் கையில் இருந்தால் வேலை இன்னும் எளிது. இதே உத்தியால் 1987-ல் ஆய்வாளர்கள் கோல்ட்ஸ்டீனும் ஸெப்கரும் கடல் நீரோட்டத்தை அளந்து காட்டினார்கள்.

மிக மெதுவாக நகரும் வண்டியும், காற்றில் ஆடும் மரங்களுக்கிடையே போகும் வண்டியும் இன்னமும் தப்பிவிடுகின்றன. டெர்ராசார்-எக்ஸ் அதே பாதைக்குத் திரும்ப 11 நாள் ஆகும் என்பதால் போக்குவரத்துப் போலீசுக்கும் அதனால் பெரிய பயனில்லை. ஓடும் வண்டிகளைக் கவனிக்க ராணுவங்கள் நெடுங்காலம் விமானங்களையே நம்பின. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் ஜாயின்ட் ஸ்டார்ஸ் விமானங்கள் ஈராக்கிய வாகனங்களின் நடமாட்டத்தைத் தொடர்ந்து கவனித்தன. அந்த விமானங்கள் 2023-ல் ஓய்வு பெற்றுவிட்டன; அந்த வேலையைச் செயற்கைக்கோள்களிடம் ஒப்படைக்க அமெரிக்க விண்வெளிப் படை முயன்று வருகிறது.