சாலையில் காக்கும் சட்டம் கடைக்குள் வருமா?

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பண்டிகைக் கால மாலைப் பொழுதில் ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை. உஸ்மான் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துதான் ஊழியர்கள் வரவேண்டும். பிறகு மாடிப்படி. நான்காம் மாடியில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும் பெண்ணோ, வாங்க வந்த முதியவரோ இதயத் துடிப்பு நின்று சரிந்தால், 108 எவ்வளவு விரைந்து வந்தாலும் காலம் போதாது.

திடீர் இதய நிறுத்தமும் மாரடைப்பும் ஒன்றல்ல. மாரடைப்பு ரத்தக் குழாயின் அடைப்பு. பெரும்பாலும் மருத்துவமனைக்குச் செல்ல அவகாசம் இருக்கும். இதய நிறுத்தம் மின்னோட்டக் கோளாறு. பல நேரங்களில் இதயம் துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும், ரத்தம் நகராது. அதிர்வு தராமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவி இந்தச் சரிவை மெதுவாக்கும். நடுங்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவதோ மின் அதிர்வுதான்.

அதற்கான தானியங்கி டிஃபிப்ரிலேட்டரை, அதாவது ஏ.இ.டி. கருவியை, இயக்க மருத்துவர் தேவையில்லை. நெஞ்சில் ஒட்டும் இரு பட்டைகள் வழியே இதயத்தின் மின்துடிப்பை அதுவே படித்துக்கொள்கிறது. தேவையில்லை என்று கண்டால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதிர்வு தராது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் காவலர்களுக்கு இக்கருவியில் பயிற்சி தந்து நடத்தப்பட்ட ஆய்வு 2000இல் வெளியானது. பிறர் கண்முன் விழுந்து, மூன்று நிமிடங்களுக்குள் அதிர்வு பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் உயிருடன் வீடு திரும்பினர். மூன்று நிமிடங்களைத் தாண்டியவர்களில் அது 49 விழுக்காடு. காப்பாற்றியவர்கள் வாயிற்காவலர்கள் என்பதை நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடை மேலாளரிடம் இதைப் பற்றிப் பேசினேன். ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் விலை அவருக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. "கருவி வச்சு, நம்ம பையன் ஒருத்தன் போட்டு, ஆள் போயிட்டார்னா என்ன சார் பண்றது? போலீஸ் எங்களைத்தானே கேக்கும்?" என்றார். அவருடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் சட்டத்தில் அந்த இடம் உண்மையிலேயே காலியாக இருக்கிறது.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைக் காக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலிமை அளித்தது. பின்னர் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ பிரிவைச் சேர்த்தது. நல்லெண்ணத்தோடு, கைம்மாறு கருதாமல் உதவியவரின் கவனக்குறைவால் காயமோ மரணமோ நேர்ந்தாலும், அவர்மீது சிவில், குற்றவியல் நடவடிக்கை இல்லை என்கிறது அது. அருமையான பிரிவு. ஆனால், 'மோட்டார் வாகனம் தொடர்புடைய விபத்து' என்ற சொற்களுக்குள் அது அடைபட்டுக் கிடக்கிறது. பாண்டி பஜார் நடைபாதையில் ஒருவரை இருசக்கர வாகனம் இடித்தால் உதவுபவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதே நடைபாதையில் அவர் இதயம் நின்று விழுந்தால் அப்பிரிவு எட்டிப் பார்க்காது. கடைக்குள்ளோ, அடையாறு அலுவலகத்திலோ, மார்கழியில் நரைத்த தலைகளால் நிறையும் மயிலாப்பூர் சபாவிலோ சொல்லவே வேண்டாம்.

வேறு பாதுகாப்பே இல்லையா என்றால், பாதி இருக்கிறது. ஒப்புதல் தர இயலாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு கூறுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவுதான் அது. ஆனால், சட்டத்தின் பார்வையில் உரிய கவனம் இல்லாத செயல் நல்லெண்ணச் செயல் ஆகாது. உரிய கவனம் இருந்ததா என்பதை விசாரணைதான் முடிவு செய்யும். சாமானியர் அஞ்சுவதே அந்த விசாரணைக்குத்தான். இழப்பீடு கோரும் சிவில் வழக்கையோ இந்தப் பிரிவு தொடுவதில்லை.

பணியிடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 134ஏ தானாக முன்வந்து உதவுபவரைக் காக்கிறது. நிர்வாகமே பயிற்சி தந்து, 'இது உன் பொறுப்பு' என்று நியமித்த ஊழியர் தானாக முன்வந்தவரா? கருவியை வாங்கி வைத்த முதலாளி யார்? அந்தப் பிரிவை அப்படியே கடைக்குள் கொண்டுவந்தாலும் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டு இதய நிறுத்த உயிர்காப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. கருவியைப் பயன்படுத்தியவருக்கு மட்டுமின்றி, வாங்கி வைத்தவருக்கும் சிவில் பொறுப்பிலிருந்து விலக்கு தந்தது. வாங்கியவருக்கான விலக்கை நிபந்தனைகளோடு கட்டியது: கருவி இருக்கும் இடத்தை அவசர சேவைக்குத் தெரிவிக்க வேண்டும், முறையாகப் பராமரிக்க வேண்டும், பயன்படுத்தக்கூடிய ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும். வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் கடும் அலட்சியத்துக்கும் விலக்கு கிடையாது. மின்கலம் செத்த கருவியைச் சுவரில் அழகுக்கு மாட்டிவைப்பவர் தப்ப முடியாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உதவுவோரைக் காக்கக் கர்நாடகம் 2016ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தை வைத்திருக்கிறது. நம் சட்டப்பேரவையும் 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுதும் கால் கடுக்க நின்ற ஊழியர்கள் அமர இருக்கை தரவேண்டும் என்றது. இதே தியாகராய நகர்க் கடைகளுக்குள் நுழைந்த திருத்தம் அது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவைச் சேர்த்து, குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட கடைகளுக்கு இக்கருவியைக் கட்டாயமாக்கலாம். கூடவே, பயன்படுத்துபவருக்கும் வைத்திருப்பவருக்கும் நிபந்தனையுடன் கூடிய பாதுகாப்பை மாநிலச் சட்டம் ஒன்றில் எழுதலாம். முதலாவதை மட்டும் செய்தால் கருவி பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். சாவி மேலாளரிடம் இருக்கும்.

அத்துடன் 108 கட்டுப்பாட்டு அறையில் ஒரு பதிவேடு வேண்டும். பதறிப்போய் அழைப்பவரிடம், 'இரண்டாம் மாடியில் பில் போடும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது, எடுத்து வாருங்கள்' என்று மறுமுனையிலிருந்து சொல்ல அது தேவைப்படும்.